அடுத்து வருபவருக்கான ஆய்வு

கேரளப் பல்கலைக்கழகங்கள் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கின. அந்த முதல் அணி 2027இல் நான்காம் ஆண்டுக்குள் நுழையும். பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் அந்த ஆண்டில் ஆய்வில் இறங்கலாம். 12 கிரெடிட் மதிப்புள்ள ஆய்வேடு ஒன்றை எழுதித் தர வேண்டும். முதுகலை மாணவர்கள் செய்துவந்த வேலை இப்படி இருபது, இருபத்தொரு வயதினரின் கைக்கு வருகிறது. திருவனந்தபுரத்துக் கல்லூரிகளில் பொருளியல், சமூகவியல், உளவியல், விலங்கியல், தாவரவியல் படிப்பவர்கள் தலைப்பு தேடத் தொடங்கும்போது அவர்கள் காதில் முதலில் விழப்போகும் அறிவுரை, "யாரும் செய்யாததாகப் பார்த்து எடு" என்பதாகத்தான் இருக்கும். அந்த அறிவுரை தவறு என்று நினைக்கிறேன். சமூக அறிவியலிலும் உயிர் அறிவியலிலும் ஒரு மாணவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, ஏற்கெனவே ஒருவர் அளந்ததை அதே முறையில் மறுபடி அளப்பது. அடுத்து வருபவர் தன் வேலையைத் தொடர வழி வைத்துவிட்டுப் போவது. இதற்குச் சான்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. நூறாண்டுக்கு முந்தைய சென்னையில் இருக்கிறது.

1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்து சேர்ந்தார். இங்கிலாந்துப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இந்தியப் பொருளாதாரம் நடத்துவது அவருக்குச் சரிப்படவில்லை. மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய் நிலம், கூலி, கடன், பயிர், வீடு, சாப்பாடு எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், வட ஆர்க்காட்டுத் தூசி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு, மலபாரின் குருவாயூர் என்று பல ஊர்களின் விவரங்கள் சேர்ந்தன. 1918இல் அவை நூலாக வெளிவந்தன. எழுதியவர்கள் தேர்ந்த ஆய்வாளர்கள் அல்லர். சொந்த ஊரைப் பற்றி எழுதும்போது மேல்சாதிக் கல்லூரி மாணவனின் கண்ணுக்குப் படாதவை பல இருந்திருக்கும். ஆனாலும் அந்த நூல் நிலைத்தது. 1936-37இல் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறு ஆய்வு நடத்தினார்கள். அதன் பின் தூசிக்கும் கங்கைகொண்டானுக்கும் 1980களில் ஆய்வாளர்கள் மறுபடி போனார்கள். இருவேல்பட்டில் 1916இல் தொடங்கிய வரிசை 2008 வரை நீண்டது. ஒரே ஊரில் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலிக்காரருக்கும் நிலக்காரருக்கும் இடையிலான உறவு எப்படித் தளர்ந்தது, விவசாயத்துக்கு வெளியே வேலை எப்போது பெருகியது என்பதைத் தொண்ணூறு ஆண்டு நீளத்துக்குப் பார்க்க முடிகிற ஊர்கள் உலகில் அதிகம் இல்லை. அந்த நீளத்தின் முதல் முனை ஒரு மாணவரின் விடுமுறை வேலை. அன்று அதில் பெரிய புதுமை ஏதும் இருந்திருக்காது. எல்லா ஊருக்கும் ஒரே வினாப்பட்டியல் இருந்தது, கிடைத்த விடை அச்சில் ஏறியது. பின்னால் வந்தவர்களுக்கு அந்த இரண்டும் போதுமானதாக இருந்தன.

திருவனந்தபுரத்தில் இதைச் செய்ய மற்ற ஊர்களைவிட வசதி அதிகம். உள்ளூர் என்ற பகுதியில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லால் எழுப்பிய கட்டடங்களில் வளர்ச்சி ஆய்வு மையம் இயங்குகிறது. பொருளியலாளர் கே. என். ராஜ் வளர்த்தெடுத்த அந்த மையம் ஐக்கிய நாடுகள் அவைக்காக 1975இல் கேரளத்தைப் பற்றித் தந்த அறிக்கைதான், வருமானம் குறைந்த மாநிலத்தில் ஆயுளும் கல்வியும் இவ்வளவு உயர்ந்தது எப்படி என்ற கேள்வியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1984இல் அங்கிருந்து பி. ஜி. கே. பணிக்கரும் சி. ஆர். சோமனும் எழுதிய நூல் அந்தக் கேள்வியை உடல்நலத்தின் பக்கம் திருப்பியது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுதமேனன் மையம் இருக்கிறது. 1997 முதல் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பை நடத்துகிறது. அங்கே படிப்பவர்கள் ஆய்வேட்டுக்காகப் பஞ்சாயத்து வார்டுகளில் வீடுவீடாக ஏறி இறங்குகிறார்கள். 2008இல் தொடங்கி இன்று விதுராவில் மலையடிவாரத்தில் இயங்கும் இந்திய அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனம், பாலோட்டில் தாவரவியல் பூங்கா, கார்யவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத் துறைகள் என்று ஒரே மாவட்டத்துக்குள் சமூகத்தைப் படிப்பவர்களும் உயிர்களைப் படிப்பவர்களும் பேருந்தில் போய்ச் சந்திக்கும் தூரத்தில் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு அறிவியல்களும் ஒன்றையொன்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கேரளமே நல்ல உதாரணம். ஆயுள் நீளமாக உள்ள இந்த மாநிலத்தில்தான், "அண்மையில் நோய்வாய்ப்பட்டீர்களா" என்று கேட்டால் "ஆமாம்" என்பவர்களின் பங்கும் மிக அதிகம். பீகாரில் அது குறைவு. அப்படியானால் பீகாரில் உடல்நலம் மேலா? அமர்த்திய சென் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைத்தான் எடுத்துப் பேசினார். படிப்பும் மருத்துவமனையும் பக்கத்தில் இருப்பவர் தன் உடம்பின் சிறு கோளாறையும் நோய் என்று உணர்கிறார். இரண்டும் இல்லாதவருக்கு அது வாழ்க்கையின் இயல்பாகத் தோன்றுகிறது. வாயால் கேட்பது மட்டும் போதாது, கருவியாலும் அளக்க வேண்டும். அச்சுதமேனன் மையம் 2016-17இல் 12,012 பேரிடம் நடத்திய மாநில அளவிலான ஆய்வு அப்படி அளந்தது: 18 முதல் 69 வயது வரையிலானவர்களில் 30.4 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம், 19.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 12.4 விழுக்காட்டினர் மட்டுமே. கருவி இந்த எண்ணைத் தரும். ஏன் கட்டுப்படவில்லை என்பதற்கான விடை வீட்டுக்குள், சமையலறையில், மாத்திரைச் செலவில், வெளிநாட்டில் இருக்கும் மகனின் பணம் வரும் தேதியில் இருக்கிறது. அதை அறிய உட்கார்ந்து பேச வேண்டும்.

இனி எண்ணிக்கைக் கணக்கு. ஒரு மாணவர் ஓராண்டில் ஒரு பஞ்சாயத்தில் 300 பேருக்கு இரத்த அழுத்தம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 விழுக்காட்டினருக்கு அழுத்தம் உயர்ந்திருப்பதாகத் தெரிகிறது. மாதிரியின் அளவை வைத்துப் பார்த்தால் உண்மை அளவு 25க்கும் 35க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இவ்வளவு அகலமான விடையை வைத்துக்கொண்டு சுகாதார நிலையம் எதையும் திட்டமிட முடியாது. ஆய்வேடு அலமாரிக்குப் போகும். அதே முறையில் ஐந்து மாணவர்கள் ஆளுக்கு 300 பேரை அளந்து ஒன்றாகச் சேர்த்தால் அந்த இடைவெளி ஏறத்தாழ 28க்கும் 32க்கும் இடையில் சுருங்கும். ஒரே வார்டில் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் உண்மையில் இவ்வளவு சுருங்காது. இருந்தாலும் திசை அதுதான். காலமாற்றத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். 30 விழுக்காடு 35 ஆகிவிட்டதா என்று ஓரளவு உறுதியோடு சொல்ல, முதல் முறையும் இரண்டாம் முறையும் தலா 1,400 பேர் அளவுக்கு வேண்டும். எந்தத் தனி மாணவராலும் அது ஆகாது. ஆளுக்கொரு தலைப்பு, ஆளுக்கொரு வினாப்பட்டியல் என்று பிரிந்து நின்றால் ஒருவருடைய 300ஐ இன்னொருவருடைய 300உடன் கூட்டவே வழியில்லை. புதுமை வேண்டும் என்ற வற்புறுத்தல், கூட்டினால் பயன்தரும் உழைப்பைக் கூட்ட முடியாததாக்கிவிடுகிறது.

மாணவர்களின் அளவீடு நம்பத்தக்கதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை பெரும்பாலும் தரவுக்குள்ளேயே கிடைக்கும். பழைய பாதரச இரத்த அழுத்தமானியில் கோடுகள் இரண்டு இரண்டாக இருக்கும். ஆகவே கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்ற ஐந்தில் ஒன்றாகத்தான் வர முடியும். கவனமாகப் பார்த்திருந்தால் ஒவ்வொன்றும் சுமாராக ஐந்தில் ஒரு பங்கு வரும். 300 அளவீடுகளில் ஏறத்தாழ 60 பூஜ்ஜியத்தில் முடியும். 150 பூஜ்ஜியத்தில் முடிந்திருந்தால் அளந்தவர் எண்ணை முழுமையாக்கி எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். இது வெறும் அழகுக்குறை அல்ல: 138 என்று காட்டியதை 140 என்று எழுதிய நொடியில் ஒரு மனிதர் நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். சமூகக் கணக்கெடுப்பிலும் இதே தடயம் உண்டு. வயதைக் கேட்காமல் மதிப்பிட்டு எழுதினால் 30, 35, 40 என்ற வயதுகளில் மட்டும் ஆட்கள் குவிவார்கள். மக்கள்தொகையியலாளர்கள் பல காலமாக இந்தக் குவியலை வைத்துத்தான் கணக்கெடுப்பின் தரத்தை எடைபோடுகிறார்கள். மூல எண்கள் கையில் இருந்தால் மாணவரின் பிழை ஒளிந்துகொள்ளாது. ஆய்வேட்டில் விழுக்காட்டு அட்டவணை மட்டும் இருந்தால் எந்தப் பிழையும் வெளியே தெரியாது.

பிழை மாணவருக்கு மட்டும் உரியதும் அல்ல. அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு புகழ்பெற்ற பொருளியலாளர்கள் 2010இல் எழுதினார்கள். பல நாடுகளின் சிக்கன வாதங்களுக்கு அது மேற்கோளாயிற்று. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சியாக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடம் கேட்டார், அவர்கள் எக்செல் கோப்பை அனுப்பினார்கள். அதில் சராசரி எடுக்கும் வரிசையில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. வேறு சில தேர்வுகளும் விவாதத்துக்குரியவையாக இருந்தன. தன் ஆசிரியர்களோடு சேர்ந்து 2013இல் அவர் வெளியிட்ட திருத்தத்தில், மைனஸ் 0.1 விழுக்காடு என்றிருந்த வளர்ச்சி 2.2 விழுக்காடாக மாறியது. தலைப்பில் புதுமை தேடியிருந்தால் அந்த மாணவர் இதைத் தொட்டிருக்க மாட்டார். மூலக் கோப்பைத் தர மறுத்திருந்தால் தொட்டும் பயனில்லை.

மூல எண்ணைக் காப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரையறைகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 2017இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் உயர் இரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90 என்பதிலிருந்து 130/80 என்று கீழே இறக்கின. மற்ற பல நாடுகளில் பழைய எல்லையே தொடர்கிறது. ஒரு மாணவர் தன் படிவத்தில் "அழுத்தம் உண்டு", "இல்லை" என்று மட்டும் குறித்திருந்தால் பத்தாண்டு கழித்து வருபவருக்கு அந்தப் படிவம் உதவாது. 134/86 என்று எழுதியிருந்தால் எந்த எல்லைக்கும் அதைப் பொருத்திக்கொள்ளலாம். மூன்று முறை அளந்தாரா, எந்தக் கருவி, உட்காரவைத்து எவ்வளவு நேரம் கழித்து என்பதும் எழுதப்பட வேண்டும். இடமும் நகர்கிறது. 2025 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டு எல்லைகள் திருத்தப்பட்டதில் திருவனந்தபுரம் மாநகராட்சியின் 100 வார்டுகள் 101 ஆயின. பழைய ஆய்வேட்டில் வார்டு எண் மட்டும் இருந்தால் அந்த வீடுகள் இன்று எந்தப் பக்கம் என்று தேடி அலைய வேண்டியிருக்கும். கேள்வியின் சரியான மலையாள வாசகத்தையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்காமல் விடுகிறார்கள். "வேலை செய்கிறீர்களா" என்று கேட்பதும் "கடந்த வாரம் கூலிக்கோ சொந்தத் தொழிலிலோ வேலை செய்தீர்களா" என்று கேட்பதும் வீட்டுப் பெண்களிடம் வேறுவேறு விடைகளைக் கொண்டுவரும்.

உயிரியல் பக்கம் இந்தப் பழக்கம் ஓரளவு வேர் பிடித்திருக்கிறது. சீசன்வாட்ச் என்ற திட்டம் 2010 முதல் நடக்கிறது. அதன் பதிவுகளில் கேரளப் பள்ளி மாணவர்களின் பங்கு பெரியது. ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தேர்ந்து வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கிறது. தளிர், பூ, காய் ஒவ்வொன்றுக்கும் "இல்லை", "கொஞ்சம்", "நிறைய" என்று மூன்றில் ஒன்றைக் குறிக்கிறது. இதைவிட எளிய அளவுகோல் இருக்க முடியாது. அந்த எளிமையால்தான் ஆயிரம் பிள்ளைகளின் குறிப்புகளை ஒன்றோடொன்று கூட்ட முடிகிறது. விஷுவுக்கு முன்பே கொன்றை பூப்பதைப் பற்றி வீட்டுக்கு வீடு பேசும் பேச்சு, தேதியோடு சரிபார்க்கக்கூடிய கேள்வியாகிறது. 2015 முதல் 2020 வரை நடந்த கேரளப் பறவை நிலவரைப்படத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மழைக்காலம், வறண்ட காலம் என இரு பருவங்களிலும் வகுத்த கட்டங்களுக்குள் ஒரே முறையில் பறவைகளை எண்ணினார்கள். இனி எந்த ஆண்டிலும் ஒரு விலங்கியல் மாணவர் தன் ஊர்க் கட்டத்துக்குள் போய் அதே முறையில் எண்ணினால், எது குறைந்தது, எது வந்தது என்று சொல்ல ஒப்பீடு தயாராக இருக்கிறது. பொருளியல், சமூகவியல் மாணவர்களுக்கு இப்படி வகுத்துவைத்த கட்டம் இல்லை. வளர்ச்சி ஆய்வு மையத்தில் 1998இல் தொடங்கிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் கேரளப் புலம்பெயர்வு ஆய்வுதான் அதற்கு மிக அருகில் வருகிறது. அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் வளைகுடா செல்வோர் தொகை 2013க்குப் பின் சரிந்ததும், படிப்புக்காக வெளிநாடு செல்வோர் பெருகியதும் எண்ணாகத் தெரிந்தன.

மறுபடி மறுபடி ஒரே வேலை என்றால் மாணவரின் ஆர்வம் செத்துவிடாதா என்று கேட்கலாம். ஆர்வம் சாவது பெரும்பாலும் விடை முன்கூட்டித் தெரிந்த கேள்விகளில்தான். மறு அளவீட்டில் விடை தெரியாது. 2015இல் உளவியலின் 100 ஆய்வுகளை ஒரு பன்னாட்டுக் குழு திரும்பச் செய்து பார்த்தது. முதலில் 97 விழுக்காட்டு ஆய்வுகள் புள்ளியியல் உறுதியோடு முடிவு சொல்லியிருந்தன, மறுமுறை அப்படித் தேறியவை 36 விழுக்காடு. மீதி ஏன் தேறவில்லை என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த வாதத்திலிருந்துதான் அந்தத் துறையின் புதிய முறைகள் பல பிறந்தன. போன ஆண்டு மாணவரின் எண்ணும் இந்த ஆண்டு மாணவரின் எண்ணும் ஒத்துவராதபோது, கருவி பிழையா, கேள்வி பிழையா, ஊரே மாறிவிட்டதா என்று யோசிக்கும் அந்த வாரத்தில் ஒருவர் கற்றுக்கொள்வதை எந்த முறையியல் வகுப்பும் தராது. பொதுவான மையக் கேள்விகளோடு தன் சொந்தக் கேள்வி இரண்டைச் சேர்த்துக்கொள்ளவும் தடையில்லை. கூடவே, "வேறுபாடு கிடைக்கவில்லை" என்று எழுதவும் மாணவருக்குத் துணிவு வர வேண்டும். நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரை வைத்து நடந்த கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2018இல் தன் முடிவை வெளியிட்டது. ஊர்க் குழுக்களின் துணையோடு வாழ்க்கைமுறை மாற்றப் பயிற்சி பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளில் 14.9 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஆசிரியர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். இவ்வளவு பெரிய குழு அப்படி எழுதும்போது, 300 பேரை அளந்த மாணவர் எப்படியாவது ஒரு தொடர்பைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று வைவாவில் நெருக்குவது நியாயமில்லை.

எனக்கு மிகக் கனமாகத் தோன்றும் மறுப்பு ஆய்வுக்கு உட்படுபவர்களின் பக்கத்திலிருந்து வருவது. நகரத்தை ஒட்டிய மீனவர் குப்பங்களிலும் மலையோரக் குடியிருப்புகளிலும் உள்ளவர்களிடம் வந்து கேட்டுப் போகிறவர்களுக்குப் பஞ்சமில்லை; திரும்பி வந்து கண்டதைச் சொன்னவர் குறைவு. இனி ஆண்டுதோறும் அதே வீட்டுக் கதவைத் தட்டுவோம் என்றால் அவர்கள் ஏன் திறக்க வேண்டும்? இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1987இல் அகத்தியமலைக்குப் போன ஆய்வுக் குழு, வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஒரு செடியின் பழத்தைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தது. ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் பூங்கா நிறுவனம் உருவாக்கிய ஜீவனி மருந்தின் தயாரிப்பு உரிமை 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு வழங்கப்பட்டது. கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவானது. அதன் பின் நடைமுறையில் சிக்கல்கள் பல வந்தன என்றாலும், அறிவைத் தந்தவருக்கு அதில் பங்கு உண்டு என்ற கொள்கை நம் மாவட்டத்திலேயே நடைமுறைக்கு வந்தது. மாணவர் ஆய்வில் பணம் இல்லை. ஆனால் விடை இருக்கிறது. அந்த விடையை கிராம சபையில், வார்டுக் கூட்டத்தில், ஆஷா பணியாளர் முன்னிலையில் எளிய மலையாளத்தில், தமிழ் பேசும் குடும்பங்களிடம் தமிழில், சொல்லிவிட்டு வருவது ஆய்வேட்டின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்திருப்பவரை அன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே கேள்வியை ஐந்து பேர் தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிட, ஒரு முறை சரியாகக் கேட்டு ஐவரும் பகிர்ந்துகொள்வது மக்களின் சுமையையும் குறைக்கும்.

பகிர்வதில் ஆபத்தும் இருக்கிறது. பெயரை நீக்கினால் அடையாளம் போய்விடும் என்று நினைப்பது தவறு. சிறிய வார்டில் "58 வயது, பெண், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை" என்றாலே யார் என்று ஊருக்குத் தெரியும்; பக்கத்து நிரலில் அவருடைய மனநலக் கேள்விக்கான விடை இருக்கும். ஆகவே பொதுவில் வைக்கும் கோப்பில் வயதை ஐந்தாண்டுத் தொகுதிகளாக்கவும், தொழிலைப் பெரும்பிரிவுகளாக்கவும் வேண்டும். துல்லியமான கோப்பு துறையின் பூட்டிய பொறுப்பில், ஒப்பந்தத்தின் பேரில் மட்டும் திறக்கப்பட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் மாணவர் ஆய்வுக்கும் பொருந்தும். ஒப்புதல் வாங்கும்போதே "இந்த விடை பின்னாளில் வேறு மாணவருக்கும் பயன்படலாம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால்தான் பின்னாளில் பயன்படுத்த முடியும். சமூக அறிவியல் துறைகள் பலவற்றில் நெறிமுறைக் குழு என்பதே இன்னும் மருத்துவக் கல்லூரிக்குரிய சமாச்சாரமாகப் பார்க்கப்படுகிறது. அது மாற வேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் ஏற வேண்டும் என்று மானியக்குழு 2009இலேயே விதித்தது. இன்று யாரும் அவற்றைப் படிக்கலாம். முதுகலை ஆய்வேட்டுக்கும், இனி வரப்போகும் நான்காம் ஆண்டு ஆய்வேட்டுக்கும் அப்படி நாடு தழுவிய விதி இல்லை. ஸ்ரீ சித்திரை போன்ற சில நிறுவனங்கள் தாமாகவே தம் மின்நூலகத்தில் வைக்கின்றன. நெறியாளர்களின் சுமையும் உண்மையானது: பாடம், தேர்வு, நாக் தர மதிப்பீட்டு ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் இடையில் ஆளுக்கொரு தலைப்பில் பத்து மாணவர்களைப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. பத்துப் பேரும் ஒரே முறையில், வெவ்வேறு இடங்களில் அளப்பார்கள் என்றால் ஒரு பயிற்சி முகாம், ஒரு படிவம், ஒரு நெறிமுறை விண்ணப்பம் போதும். நெறியாளரின் நேரம் பிழை திருத்துவதற்கு மிஞ்சும். 2027க்கு முன் ஒவ்வொரு துறையும் முடிவு செய்ய வேண்டியவை சில: பத்தாண்டு தொடரக்கூடிய மையக் கேள்விகள் எவை, எந்தெந்த ஊர்கள், மூலக் கோப்பு யார் பொறுப்பில், மதிப்பெண் தாளில் தரவைச் சீராக ஒப்படைப்பதற்கு எவ்வளவு. கடைசிக் கேள்வியைச் சிறியது என்று ஒதுக்க முடியாது. மாணவர்கள் மதிப்பெண் இருக்கும் இடத்தில்தான் உழைப்பைப் போடுவார்கள், அது அவர்கள் குற்றமும் அல்ல.